ஆளரவம் அறியும் விளக்கு

தமிழில் 'ஆளரவம்' என்று ஓர் அழகான சொல் உண்டு. ஆள் இருப்பதைக் காட்டும் ஓசை என்பது அதன் நேர்ப்பொருள். வழக்கிலோ அது ஓசையோடு நின்றுவிடுவதில்லை. 'ஆளரவமற்ற தெரு' என்றால் மனித இருப்பின் எல்லாத் தடயங்களும் அற்ற தெரு என்றே நாம் புரிந்துகொள்கிறோம். தாழ்ப்பாள் இல்லாத கீற்று மறைப்புக்குள் குளித்துக்கொண்டிருப்பவர், வெளியே காலடி நெருங்கினால் கனைத்துக் காட்டுவார். அல்லது செம்பை வாளியில் ஒரு தட்டுத் தட்டுவார். உள்ளே ஆள் இருக்கிறது என்பதற்கு அதுவே அறிவிப்பு. கேட்டவர் விலகிப் போவார்.

இன்று அந்த ஆளரவத்தைக் கவனிக்கும் வேலையைக் கூரையில் பதித்த உள்ளங்கையளவு வெண்குமிழ் ஒன்று ஏற்றிருக்கிறது. அலுவலகங்கள், வணிக வளாகங்கள், தொழிற்சாலைகள் ஆகியவற்றின் பொதுக் கழிப்பறைகளில் ஆள் நுழைந்ததும் விளக்கை எரியவிட்டு, ஆள் அகன்றுவிட்டதாகக் கருதியதும் அணைத்துவிடும் கருவி அது. மின்பணியாளர்கள் 'சென்சார்' என்பார்கள்; கலைச்சொல் அகராதிகள் 'உணரி' என்கின்றன. 'அகன்றுவிட்டதாகக் கருதியதும்' என்ற சொற்களை வாசகர்கள் கவனிக்க வேண்டும். அக்கருவிக்கு ஆள் இருப்பது தெரியாது. அசைவு மட்டுமே தெரியும். அசையாமல் அமர்ந்திருப்பவர் அதன் கணக்கில் இல்லாதவர்.

இந்தச் சிறு இடைவெளிக்குள் ஒரு நீண்ட வரலாறு அடங்கியிருக்கிறது. அதைச் சொல்வதற்கு ஓசூர்–கிருஷ்ணகிரி எல்லைப்பகுதி மிகவும் பொருத்தமான இடம். மின்சாரத்தின் வருகை, ஆலைகளின் வருகை, பெண்களின் இரவுப்பணி ஆகிய மூன்றும் நூறாண்டுகளுக்குச் சற்றே மிகுந்த காலத்தில் அங்கே ஒன்றன்மேல் ஒன்றாக வந்து படிந்திருக்கின்றன.

* * *

1902-ஆம் ஆண்டு காவிரியின் சிவசமுத்திர அருவியில் மைசூர் அரசு தன் நீர்மின் நிலையத்தைத் தொடங்கியது. அங்கிருந்து புறப்பட்ட மின்கம்பி ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கடந்து கோலார் தங்கவயலைச் சென்றடைந்தது. அன்றைய உலகின் மிக நீண்ட மின்தொடர்களுள் ஒன்று அது. 1905-இல் பெங்களூர்த் தெருக்களுக்கும் மின்விளக்கு வந்தது. கோலார் சுரங்கங்களில் இறங்கியவர்களில் பெருந்தொகையினர் தமிழர்கள் என்பது நாம் அறிந்ததே. ஆயினும் மின்சாரம் முதலில் தேடிச் சென்றது பொன்னையும் அதைத் தோண்டும் எந்திரங்களையும்தான். எல்லைக்கு இப்பால், அன்றைய சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த ஓசூர், கிருஷ்ணகிரி வட்டங்களின் சிற்றூர்கள் அதன்பின்னும் பல்லாண்டுகள் எண்ணெய் விளக்கில்தான் இரவுகளைக் கழித்தன.

அவ்வூர்களில் கழிப்பறைக்கு வெளிச்சம் வேண்டும் என்ற கேள்வியே எழவில்லை, கழிப்பறையே இல்லை. பெண்கள் விடியலுக்கு முன்போ அந்தி சாய்ந்த பின்போ ஒதுக்குப்புறம் போனார்கள். பகல் முழுவதும் உடலை அடக்கிக் காத்திருந்தார்கள். இருளே அவர்களுக்குச் சுவர், இருளே கதவு. சாலையோரம் ஒதுங்கிய பெண்கள் பேருந்தின் முகப்பு விளக்கு மேலே விழுந்ததும் சட்டென எழுந்து நிற்பதைக் கண்டவர்களுக்கு ஒன்று விளங்கும்: அங்கே வெளிச்சம் பாதுகாப்பன்று, அத்துமீறல். இதை ஏதோ பழங்கதை என்று எண்ணிவிட வேண்டாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போதும் தமிழ்நாட்டு வீடுகளில் 48.3 விழுக்காட்டில் மட்டுமே வளாகத்துக்குள் கழிப்பறை இருந்தது.

நான்கு சுவர்கள் எழுந்ததும் இந்த உறவு தலைகீழாகிறது. வெட்டவெளியில் மறைப்பாக இருந்த இருள், சுவர்களுக்குள் அச்சமாகிறது. வழுக்கும் தரை, திறந்த தாழ்ப்பாள், மறைந்து நிற்கக்கூடிய ஆள் எனக் கண்ணுக்குத் தெரியாதவை எல்லாம் அங்கே ஆபத்து. கழிப்பறை வந்ததோடு வெளிச்சமும் அதன் பிரிக்க முடியாத உறுப்பாகிவிட்டது.

* * *

ஓசூர் என்ற பெயருக்குக் கன்னடத்தில் 'ஹொஸ ஊரு', அதாவது புதிய ஊர் என்று பொருள் சொல்வார்கள். அந்தப் பெயர் 1970-களுக்குப் பிறகே முழுமையாகப் பொருந்தியது எனலாம். தமிழ்நாடு அரசு 1971-இல் நிறுவிய சிப்காட் நிறுவனம் அந்தப் பத்தாண்டுகளில் ஓசூரில் தொழிற்பேட்டையை அமைத்தது. பெங்களூர் 40 கிலோமீட்டர்தான். கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்றும் குளுமை. 1980-இல் அசோக் லேலண்டின் ஆலை வந்தது. அதே ஆண்டில் டி.வி.எஸ். மொபெட் இங்கிருந்து சாலைக்கு இறங்கியது. டாட்டா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் சேர்ந்து 1984-இல் தொடங்கிய டைட்டன் நிறுவனம் தன் கைக்கடிகார ஆலைக்கு ஓசூரையே தேர்ந்தது. ஊர்ப்புறத்து இளைஞர்களும் இளம்பெண்களும் சீருடை அணிந்து, ஷிப்டு மணிக்குக் கட்டுப்பட்டு வேலை செய்யும் வாழ்க்கை இவ்வாறு இப்பகுதிக்கு வந்தது. பலருக்கு வீட்டில் இல்லாத கழிப்பறை முதன்முதலில் ஆலையில்தான் கிடைத்தது.

அதற்குக் காரணம் முதலாளிகளின் பெருந்தன்மை மட்டுமன்று, சட்டம். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தன் 19-ஆம் பிரிவைக் கழிப்பறைகளுக்கென்றே ஒதுக்கியது. தொழிலாளர் ஆலையில் இருக்கும் எல்லா நேரங்களிலும் அவை எட்டும் தொலைவில் இருக்க வேண்டும். ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியே மறைப்போடு இருக்க வேண்டும். போதிய வெளிச்சமும் காற்றோட்டமும் வேண்டும் என்றெல்லாம் அது விதித்தது. விடுதலை பெற்ற மறுஆண்டே ஒரு நாடாளுமன்றம் கழிப்பறை விளக்கைப் பற்றிச் சட்டம் எழுதியிருக்கிறது என்பது நம் கவனத்துக்குரியது. அச்சட்டத்தின்படி வெளிச்சம் அந்த இடத்துக்கு உரியது. அங்கே நுழைகிறவர் அதை ஈட்ட வேண்டியதில்லை. தன் இருப்பை மெய்ப்பிக்க வேண்டியதுமில்லை.

ஆனால் அதே சட்டத்தின் 66-ஆம் பிரிவு, இரவு 7 மணி முதல் காலை 6 மணி வரை பெண்களை ஆலைகளில் வேலைக்கு வைப்பதைத் தடுத்தது. எனவே பெண்கள் கழிப்பறையின் இரவு விளக்கு நெடுங்காலம் பேசப்படாத பொருளாகவே இருந்தது. 2000-ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அத்தடை அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்து, பாதுகாப்பு நிபந்தனைகளோடு இரவுப்பணிக்கு வழிவிட்டது. 2025 நவம்பர் 21 முதல் 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் தொழில்சார் பாதுகாப்பு, நலவாழ்வு, பணிநிலைமைகள் குறித்த 2020-ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. பெண்கள் தம் ஒப்புதலோடு இரவில் பணிபுரியலாம் என்று அது சொல்கிறது. ஆண், பெண் ஆகியோரோடு திருநர்க்கும் கழிப்பறை ஏற்பாடு வேண்டும் என்கிறது. ஓசூரைச் சுற்றி 2020-களில் எழுந்த, பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலை செய்யும் மின்னணு ஆலைகளின் காலம் இது.

* * *

சட்டம் கேட்ட வெளிச்சத்தைச் சுவரிலிருந்த சுவிட்சு ஆண்டது. அந்தச் சுவிட்சை மனிதக் கையிலிருந்து வாங்கிக் கருவியிடம் கொடுத்த அறிவியலின் ஒரு வேர் நம் அண்டையில், இலங்கையில் இருக்கிறது என்பது பலருக்கு வியப்பளிக்கலாம்.

பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சு வணிகர்கள் இலங்கையிலிருந்து ஒருவகை நிறக்கற்களை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். சிங்களத்தில் 'தோரமல்லி' என வழங்கிய பெயரிலிருந்தே 'டூர்மலின்' என்ற சொல் பிறந்தது. அந்தக் கல்லைத் தணலருகே வைத்துச் சூடேற்றினால் சாம்பல் துகள்கள் அதன்மேல் தாவி ஒட்டிக்கொள்ளும். அதனால் டச்சுக்காரர்கள் அதைச் 'சாம்பல் இழுப்பான்' என்று தம் மொழியில் அழைத்தார்கள். இலங்கைத் தாவரங்களைப் பற்றி 1747-இல் எழுதிய நூலில் லின்னேயஸ் அதை 'மின்கல்' எனக் குறிப்பிட்டார். சூடேறும்போது கல்லின் இரு முனைகளிலும் எதிரெதிர் மின்னேற்றம் தோன்றுகிறது என்பதை 1756-இல் ஏப்பினஸ் ஆய்ந்து காட்டினார். 1824-இல் டேவிட் புரூஸ்டர் இப்பண்புக்கு 'பைரோ எலெக்ட்ரிசிட்டி' எனப் பெயரிட்டார். தமிழில் வெப்பமின்மை எனலாம். இடையே 1800-இல் வில்லியம் ஹெர்ஷல், முப்பட்டகம் பிரித்த ஒளியில் சிவப்புக்கு அப்பால் வெப்பமானியை வைத்துக் கண்ணுக்குத் தெரியாத கதிர் ஒன்றிருப்பதைக் கண்டார். அதுவே அகச்சிவப்புக் கதிர்.

இவ்விரண்டையும் இணைத்ததே இன்றைய கழிப்பறைக் கூரையின் 'பி.ஐ.ஆர்.' சென்சார். மனித உடல் இடையறாது அகச்சிவப்புக் கதிரை வீசிக்கொண்டிருக்கிறது. அதன் அலைநீளம் பெரும்பாலும் 9, 10 மைக்ரோமீட்டர் அளவில் அமையும். குமிழுக்குள் இருக்கும் சிறு படிகம் அந்த வெப்பம் மாறும்போது மின்துடிப்பைத் தருகிறது. இப்போது டூர்மலினுக்குப் பதில் லித்தியம் டாண்டலேட் போன்ற செயற்கைப் பொருள்கள். பண்பு அதே பண்புதான். குமிழின் மேற்பரப்பில் தெரியும் கட்டங்கள், கலங்கரை விளக்கத்துக்காக ஃப்ரெனெல் 1820-களில் வடித்த வில்லையின் வழிவந்தவை. கடலில் வெளிச்சத்தைத் தொலைவுக்கு அனுப்பிய வில்லை, இங்கே அறையை விசிறிபோலப் பல பட்டைகளாகக் கூறுபோட்டு உடற்சூட்டைத் திரட்டித் தருகிறது. ஆள் ஒரு பட்டையிலிருந்து அடுத்ததற்கு நகரும்போது படிகம் துடிக்கிறது, விளக்கு எரிகிறது.

எல்லாவற்றுக்கும் அடிப்படை 'மாறும்போது' என்ற சொல்தான். இலங்கைக் கல் சூடாக இருந்தபோது சாம்பலை இழுக்கவில்லை; சூடேறும்போதும் ஆறும்போதும்தான் இழுத்தது. அதன் வழித்தோன்றலும் அப்படியே. நிலைத்த சூடு அதற்குத் தெரியாது. குந்தியிருப்பவரும், வயிற்றுவலியில் சுவரில் சாய்ந்திருப்பவரும், மயங்கி விழுந்தவரும் சில நிமிடங்களில் அதன் பார்வையிலிருந்து மறைந்துவிடுகிறார்கள்.

கழிப்பறைக்கே உரிய இன்னும் இரண்டு தடைகள் உண்டு. முதலாவது தடுப்பு. தனியறையின் பலகையோ கண்ணாடியோ அகச்சிவப்பை மறித்துவிடும்; கைகழுவும் இடத்துக்கு மேலே பொருத்திய குமிழுக்குக் கதவுக்குப் பின்னால் இருப்பவர் அசைந்தாலும் தெரியாது. இரண்டாவது வெயில். சுற்றுப்புறச் சூடு தோலின் சூட்டை நெருங்க நெருங்க, பின்னணியிலிருந்து ஆளைப் பிரித்தறிவது கடினமாகும். ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தில் மட்டுமே இருக்கும் கிருஷ்ணகிரியில் ஏப்ரல் பகல்கள் 35 பாகையைத் தாண்டுவது இயல்பு. ஓசூரின் மார்கழிக் குளிரில் சுறுசுறுப்பாக இயங்கும் கருவி, தகரக் கூரையடியில் சித்திரை நண்பகலில் மந்தமாகிவிடும். கையேடு அச்சான குளிர்நாட்டில் இந்தத் தொல்லை பெரிதாகத் தோன்றியிருக்காது.

தடுப்புக்கு ஒரு மாற்று உண்டு. 1950-களின் தொடக்கத்தில் சாமுவேல் பேக்னோ என்பவர் திருடரைக் கண்டறிய மீயொலிக் கருவி ஒன்றை உருவாக்கினார். வௌவாலைப் போலச் செவிக்கெட்டாத ஒலியை அனுப்பி, திரும்பிவரும் ஒலியின் மாற்றத்தைக் கொண்டு அசைவை உணரும் முறை அது. தடுப்புகளைச் சுற்றியும் மேலேயும் ஒலி வளைந்து செல்லும் என்பதால் கழிப்பறைகளுக்கு அதுவோ, இரண்டும் கலந்த இரட்டை முறையோ ஏற்றது. விலை கூடுதல் என்பதுதான் தடை.

* * *

திருடரைப் பிடிக்கப் பிறந்த கருவி மின்சாரத்தைச் சேமிக்க வந்தது 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பின்னர். மேலைநாடுகளில் ஆற்றல் சேமிப்பு கொள்கையானபோது, ஆளில்லா அறையில் எரியும் விளக்கு குற்றமாகத் தெரியத் தொடங்கியது. இந்தியாவில் ஆற்றல் சேமிப்புச் சட்டம் 2001-இல் இயற்றப்பட்டது. ஐதராபாத்தில் 2003-இல் பிளாட்டினம் தரச்சான்று பெற்ற சொராப்ஜி கோத்ரெஜ் பசுமை வணிக மையம் போன்ற கட்டடங்கள் புதிய முன்மாதிரிகளாயின. 2007-இல் ஆற்றல் சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பு வெளிவந்தது.

தமிழ்நாட்டு ஆலைகளுக்கு இதைவிட வலுவான ஆசான் ஒருவர் இருந்தார்: மின்வெட்டு. 2008-இன் இறுதியில் உயர் அழுத்த மின்நுகர்வோர்க்கு 40 விழுக்காடு வரை வெட்டு விதிக்கப்பட்டது. மாலை உச்ச நேரத்தில் கட்டுப்பாடு இன்னும் கடுமை. அடுத்த சில ஆண்டுகள் ஓசூரின் சிறுதொழிற்கூடங்கள் டீசல் ஜெனரேட்டரின் இரைச்சலில் காலம் தள்ளின. எல்லைக்கு அப்பால் இடம்பெயரலாமா என்ற பேச்சும் அடிபட்டது. ஒவ்வொரு யூனிட்டும் எண்ணப்பட்ட அந்நாள்களில், யாருமில்லாக் கழிப்பறையில் இரவு முழுவதும் எரியும் டியூப்லைட் எந்த மேலாளரின் கண்ணையும் உறுத்தியிருக்கும். அந்த உறுத்தலை நாம் ஏளனம் செய்ய முடியாது. மின்சாரம் உண்மையிலேயே அரிதாக இருந்தது.

ஆனால் அன்றைய கணக்கு இன்றைய கணக்கன்று. ஒரு கழிப்பறையில் சோக்கோடு சேர்த்து ஒவ்வொன்றும் 52 வாட்டு இழுக்கும் ஆறு பழைய டியூப்லைட்டுகள் இருப்பதாகக் கொள்வோம். நாளில் 16 மணி நேரம் அணைத்து வைத்தால் மிச்சமாவது ஏறத்தாழ 5 யூனிட். அதே இடத்தில் 18 வாட்டு எல்.இ.டி. குழல்களைப் பொருத்திவிட்டால், அதே 16 மணி நேர இருளில் மிச்சமாவது 1.7 யூனிட் மட்டுமே. மூன்று ஷிப்டு ஓடும் ஆலையில் கழிப்பறை 16 மணி நேரம் வெறுமையாக இருப்பதும் இல்லை. சேமிப்பு மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. இருளில் அமர்ந்திருப்பவரின் அச்சமோ அதே அளவில்தான் இருக்கிறது.

இந்த இடத்தில் விதித்தொகுப்பின் 2017-ஆம் ஆண்டுப் பதிப்பு கவனிக்கத்தக்கது. 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட வணிகக் கட்டடங்களில், 25 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பொதுக் கழிப்பறைகளுக்கு அது இந்த உணரிகளை விதிக்கிறது. கழிப்பறை விளக்குகளில் குறைந்தது 80 விழுக்காட்டை அவை கட்டுப்படுத்த வேண்டும் என்கிறது. அவற்றுக்கு உட்படாத மீதி விளக்குகள் அறையெங்கும் சீராகப் பரவியிருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. உற்பத்திக்கூடங்களை இது நேரடியாகக் கட்டுப்படுத்துவதில்லை. ஆயினும் கட்டட வடிவமைப்பாளர்களின் பழக்கத்தை இத்தகைய விதிகளே வார்க்கின்றன. அந்த மீதிப் பங்கில்தான் 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாக்கியம் இன்னும் உயிரோடிருக்கிறது. யாரும் அசையாவிட்டாலும் எரிந்துகொண்டிருக்கும் ஒன்றிரண்டு விளக்குகள் அவை.

அதே தொகுப்பில் ஒரு குறையும் உண்டு. ஆள் அகன்ற பின் எவ்வளவு நேரத்துக்குள் விளக்கு அணைய வேண்டும் என்பதை அது வரையறுக்கிறது. 2007-இல் 30 நிமிடம். 2017-இல் 15 நிமிடம். இது மேல்வரம்பு. குறைந்தது எவ்வளவு நேரம் எரிய வேண்டும் என்ற கீழ்வரம்பு அங்கே பேசப்படவில்லை. ஆகவே கருவியைப் பொருத்துபவர் அதிலுள்ள சிறு திருகை ஒரு நிமிடத்துக்கும் திருப்பி வைக்கலாம், விதி மீறப்படாது. உள்ளே இருப்பவர் இருளில் கையை வீசிக்கொண்டிருக்க வேண்டியதுதான். கழிப்பறையில் செலவிடும் நேரம் மேற்பார்வையாளரால் எண்ணப்படும் பணியிடங்களில், அப்படி அணையும் விளக்கு 'போதும், எழுந்து வா' என்று சொல்வதாகவே ஒரு தொழிலாளியின் காதில் விழும். கருவிக்கு அந்த நோக்கம் கிடையாது; திருகைத் திருப்பியவருக்கும் இல்லாதிருக்கலாம். பொருள் மட்டும் அப்படி அமைந்துவிடுகிறது.

* * *

2025 நவம்பர் தொடக்கத்தில் ஓசூர் அருகே பெண் தொழிலாளர் விடுதி ஒன்றின் குளியலறையில் மறைகாமிரா வைக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. ஆயிரக்கணக்கான பெண்கள் விடுதிக்கு வெளியே திரண்டு போராடினார்கள். கைது நடவடிக்கை நடந்தது. அதன்பின் இப்பகுதியில் கழிப்பறைக் கூரையில் ஒரு வெண்குமிழைப் பார்க்கும் பெண்ணின் மனத்தில் முதலில் எழும் கேள்வி மின்சாரத்தைப் பற்றியதாக இருக்காது. 'இது என்னைப் பார்க்கிறதா?' என்பதாகவே இருக்கும்.

மேலே சொன்ன பி.ஐ.ஆர். சென்சார் எவரையும் படம் பிடிக்க இயலாது. அதற்கு முகம் தெரியாது, உருவம் தெரியாது. ஓர் அறையில் வெப்பம் இடம்பெயர்ந்ததா இல்லையா என்பதைத் தவிர எதுவும் தெரியாது. ஆனால் இதை அவளுக்கு யார் சொன்னார்கள்? கழிப்பறைச் சுவரில் ஒட்டியிருக்கும் அறிவிப்புகள் தண்ணீரை வீணாக்காதே, காகிதத்தைப் போடாதே என்று கட்டளையிடுகின்றன. கூரையில் இருப்பது என்ன, அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதைத் தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் இந்தியிலும் ஒடியாவிலும் எழுதி ஒட்டுவதற்கு ஒரு தாள்தான் செலவு. அறியாத கருவியின் கீழ் ஆடை நெகிழ்த்த வேண்டியிருப்பது, வெட்டவெளியில் வண்டி வெளிச்சம் விழுந்தது போன்ற இன்னொரு கூச்சமே.

ஆகவே உணரி வேண்டுமா வேண்டாமா என்பது நம் கேள்வியன்று. மின்சாரத்தைக் காப்பது தேவைதான். அசைவுக்கு உட்படாத ஒரு விளக்கு ஒவ்வொரு தனியறைக்கும் வெளிச்சம் தரும்படி எரிகிறதா, அணையும் நேரம் மனித உடலின் தேவைக்கு இசைந்து வைக்கப்பட்டிருக்கிறதா, கதவுக்குப் பின்னால் இருப்பவரையும் கருவி அறிகிறதா என்பவையே கேட்க வேண்டியவை. இவற்றில் எதற்கும் பெருஞ்செலவு இல்லை. திருகைத் திருப்பும்போது உள்ளே இருக்கப்போகிறவரை ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டும், அவ்வளவே.

கீற்று மறைப்புக்குள் இருந்தவரின் கனைப்பைக் கேட்டு விலகிப் போனவருக்கு எந்தக் கருவியும் தேவைப்படவில்லை. கனைப்பு எழாதபோதும் உள்ளே ஆள் இருக்கக்கூடும் என்ற ஐயத்தில் அவர் ஒரு கணம் தயங்கி நின்றார். அந்தத் தயக்கத்தைத்தான் நாம் நம் கூரைக் குமிழுக்குக் கற்றுத்தர வேண்டியிருக்கிறது.